கடித்த மூலைகள்

பிப்ரவரி 9

தங்கைக்கு,

உன் மகன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று, இனி என் குரலை நீ கேட்கவே மாட்டாய் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஃபோன் செய்யவில்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது, எழுதினால் சொல் தவறியது ஆகாது. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்காதே, விஷயத்தைப் படி.

உன் மகன் சுருட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தலையில் இப்போது ஒரு சுருளும் மிச்சமில்லை. ஆனாலும் எனக்கு அவன் சுருட்டைதான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் அக்கம்பக்கத்தில் நீ என்ன கதை கட்டி வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் குப்பை பிரிக்கிறேன். தகரக் கூரை போட்ட கொட்டகை, நடுவில் நீள மேஜை, ஓரத்தில் அலசுகிற தொட்டி, பின்னால் அமுக்கிக் கட்டுகிற மெஷின். எங்கள் பெண்கள் குழுவுக்கு நான்தான் தலைவி. பேத்தி எடுத்த பிறகும் காலையில் எழுந்து போவதற்கு எனக்கு ஒரு இடம் இருக்கிறது.

போன வருஷம் சுருட்டை அங்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "பெரியம்மா, புதுச் சட்டம் வந்திருக்கு. எங்க கம்பெனி எவ்வளவு எடைக்கு ஷாம்பு பாக்கெட் விக்குதோ, அவ்வளவு எடைக்குக் காலி பாக்கெட்டை நாங்களே திரும்ப எடுத்துக் காட்டணும். இல்லன்னா கம்பெனி மேல கேஸ். நீங்க பிரிச்சுக் கொடுங்க, நாங்க எடுத்துக்கறோம்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வித்தவனே வந்து அள்ளணும் என்று ஒரு சட்டமா! அதைப் போட்டவன் எவனோ, அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

உனக்குத் தெரியாது, அந்த பாக்கெட்டை எந்தப் பழைய சாமான் கடைக்காரனும் தொட மாட்டான். உள்ளே வெள்ளியாட்டம் பூச்சு இருக்கிறதே, அதை உருக்க முடியாதாம். இத்தனை காலம் சாக்கடையை அடைத்ததெல்லாம் அதுதான். நாங்கள் பொறுக்க ஆரம்பித்தோம். ஒரு மூட்டை திணித்து வைத்தாலும் தூக்கினால் பூனைக்குட்டி கனம்கூட வராது. கம்பெனி கேட்ட எடை எட்டவே இல்லை.

போன வாரம் ஒரு லாரி வந்தது. இறக்கினால் எல்லாம் பாக்கெட் அச்சடித்த புது ரோல். ஷாம்புவின் வாசனையே படாதது. அச்சு விலகி, படத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிப்போனதால் தொழிற்சாலையில் கழித்துப் போட்டது. பின்னாலேயே காரில் சுருட்டை வந்தான். "பெரியம்மா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலேருந்து ஆய்வுக்கு வரப்போறாங்க. எடை ரொம்பக் குறையுது. இதை பாக்கெட் பாக்கெட்டா வெட்டி, அழுக்காக்கி, நம்ம மூட்டையில கலந்துடுங்க. இந்த ஒரு தடவைதான்."

"ஏண்டா, அழுக்கைச் சுத்தம் பண்றதுக்குத்தானே எங்களை வச்சிருக்கே? சுத்தமா இருக்கறதை அழுக்காக்கச் சொல்றியே" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வேலை போயிடும் பெரியம்மா" என்றான்.

செய்தோம். முதலில் ஒரே சிரிப்பு. எங்களில் ஒருத்தி எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பாள், பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் சொன்னாள், "இவ்வளவு நாளா ஊர் அழுக்கைத்தான் பிரிச்சோம். இன்னிக்குத்தான் சொந்தமா தயாரிக்கறோம்." மண்ணில் புரட்டினாள், சாக்கடைத் தண்ணீர் தெளித்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மண்ணு மட்டும் போதாதுடி. மூலையைப் பாரு. குளிக்கறப்போ ஈரக் கையில பாக்கெட் பிரியாது. எல்லாரும் பல்லாலதான் கடிப்பாங்க. கடிக்காத பாக்கெட்டைப் பார்த்தா குழந்தைகூட கண்டுபிடிச்சிடும்" என்றேன்.

உட்கார்ந்து கடித்தோம். அத்தனை பெண்களும், வரிசையாக, மேஜைக்கு இரண்டு பக்கமும். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது. பிறகு பேச்சும் நின்றுவிட்டது. வாயெல்லாம் தகரம் நக்கின மாதிரி. எனக்கு ஈறு கிழிந்து ஒரு பாக்கெட்டில் ரத்தம் ஒட்டியது. அதைப் பார்த்ததும், நல்லதுதான், இன்னும் நிஜம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்த மறு நிமிஷம் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என்ன வேலையில் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறேன் என்று.

ஆய்வுக்கு முன்னால் அந்த மூட்டைகளை எடுத்துப் போகச் சொல் உன் மகனிடம். நான் அவனுக்கு ஃபோன் செய்தால் எடுப்பதே இல்லை. பெற்றவள் சொன்னால் கேட்பான்.

இப்படிக்கு,
வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருந்தவள்


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சரியாக ஒட்டாமல் அனுப்பியிருக்கிறீர்கள். தபால்காரர் படித்திருப்பாரோ என்று இரண்டு நாள் வாசலுக்கே போகவில்லை. இனி எழுதுவதாக இருந்தால் நல்ல உறையில் போட்டு எழுதவும்.

கையெழுத்து போடுகிற இடத்தில் தாங்கள் எழுதியதைப் படித்தேன். அன்று மண்டபத்தில் சம்பந்தி வீட்டு அம்மா திடீரென்று "இவங்க யாரு?" என்று கேட்டார்கள். கொட்டகையிலிருந்து நேராக வந்ததாகத் தாங்கள் அப்போதுதான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பதறிவிட்டது. வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருந்தவங்க என்று வாயில் வந்துவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை. ஏழு வருஷமாக அதையே தூக்கிக்கொண்டு திரிவது தங்களுக்குத்தான் பாரம்.

மகனிடம் கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதானாம். மேலே இருப்பவர்கள் எப்படியாவது எடையைக் காட்டு என்கிறார்களாம், எப்படி என்று கேட்டால் அது உன் வேலை என்கிறார்களாம். அவன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. மூட்டையைத் திரும்ப எடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்கிறான். ஆய்வு என்பது கண்துடைப்புதான், கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவன் அழுக்காக்கத்தான் சொன்னான். கடிக்கச் சொன்னது அவன் இல்லை.

அன்புடன்,
தங்கை


மார்ச் 3

தங்கைக்கு,

என்ன திடீரென்று 'தங்கள்', 'நீங்கள்'? எனக்கு மரியாதை கொடுத்து எட்ட நிறுத்துகிறாய். அதை விடு. கடிக்கச் சொன்னது நான்தான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அன்றிலிருந்து சாப்பாடு எதை வாயில் வைத்தாலும் தகரமாக இருக்கிறது.

ஆய்வு நடந்தது. கேள்.

எங்களிடம் இன்னொருத்தி இருக்கிறாள், சுத்தக்காரி. உப்பைக் கொடுத்தால்கூடக் கழுவிவிட்டுத்தான் டப்பாவில் போடுவாள். கடித்த அன்றைக்கு அவள் வரவில்லை, மகளுக்குப் பிரசவம். ஆய்வன்று விடியற்காலையிலேயே வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் மூட்டை மூட்டையாக மண்ணும் சாக்கடையும். எங்கள் கொட்டகையில் எது வந்தாலும் தொட்டியில் அலசிவிட்டுத்தான் கட்டுவோம், இல்லாவிட்டால் எறும்பு ஏறும். பெரிய மனுஷங்க வர்ற அன்னிக்கு இப்படியா போட்டு வைப்பாங்க என்று அவளாகவே அத்தனையையும் அலசிவிட்டாள். அதோடு விட்டாளா? குறுக்கே கயிறு கட்டி, ஒவ்வொன்றாகக் காயப் போட்டுவிட்டாள்.

நான் மெயின் ரோட்டில் நின்று அதிகாரியின் ஜீப்புக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தேன். கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், கயிறு முழுக்க அந்தப் பெண்ணின் முகம். புதுப் பளபளப்போடு, நெற்றியில் கண்ணோடு, காற்றில் ஆடிக்கொண்டு அத்தனையும் எங்களையே பார்க்கின்றன. சுத்தக்காரி பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரிக்கிறாள்.

வந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். கயிற்றுக்குக் கீழே குனிந்து போய் ஒன்றை எடுத்தாள். "இது எந்தக் கடையில வித்ததும்மா? கண்ணு நெத்தியில இருக்கற பாக்கெட்டைக் காசு கொடுத்து யாராவது வாங்குவாங்களா?" என்றாள். திருப்பிப் பார்த்தாள். "மூலையில பல் தடம் இருக்கே" என்றாள். நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையால் வாயை மூடிக்கொண்டோம். அதற்கு மேல் அந்தப் பெண் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பின்னால் உன் மகன் நின்றான். முன்னால் வந்து சொன்னான், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். எடை காட்டறதுக்காக இந்தம்மா எங்கேயோ வாங்கிக் கலந்திருக்காங்க."

இந்தம்மா.

காய்ச்சலில் என் மேலேயே வாந்தி எடுத்தவன். என் முந்தானையில் மூக்கைத் துடைத்தவன். இந்தம்மாவாம். உன் மகன் உன் மகன்தான், அச்சு கொஞ்சமும் விலகவில்லை.

கொட்டகையைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். இருபதாம் தேதிக்குப் பிறகு விசாரணை. சுத்தக்காரி என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் என்னக்கா தப்பு பண்ணேன் என்று அழுகிறாள். அவளிடம் என்ன சொல்ல? அந்தக் கொட்டகையில் தப்பு பண்ணாதவள் அவள் ஒருத்திதான்.

வேலைக்கு ஒத்தாசையாக இருந்தவள்


மார்ச் 9

அக்கா,

நீ என்றே எழுதுகிறேன்.

அவன் செய்தது தப்பு. உன்னை அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானே பாதை போட்டுக் கொடுத்துவிட்டு அவனை என்ன சொல்லித் திட்டுவது? ஆனாலும் இப்போது திட்டுகிற நேரம் இல்லை.

கம்பெனி வக்கீல் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். விசாரணையில் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அந்த ரோலை நாங்கள்தான் வெளியே வாங்கிக் கலந்தோம், கம்பெனிக்குத் தெரியாது என்று. வயசான பெண் என்று உன்னை எச்சரித்து அனுப்பிவிடுவார்களாம். கொட்டகைக்கு அனுமதி போகும், அதை மறைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு பெயரில் திறந்து கொடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறதாம். நீ மாற்றிச் சொன்னால் அவன் வேலை போகும், கேஸும் அவன் தலையில் விழும். இரண்டு குழந்தைகள் அக்கா. சின்னவள் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை.

அவன் அப்பா போன பிறகு நான் வேலை தேடி வெளியூர் போனேன். உன்னிடம்தானே விட்டுவிட்டுப் போனேன்? வேறு யாரை நம்பினேன்? உன் கையால் சோறு தின்று வளர்ந்தவன். எனக்காக வேண்டாம். நான் கேட்கிற தகுதியை இழந்துவிட்டேன். அவனுக்காகச் சொல்.

இதைக் கேட்பதற்கு எனக்கு எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

உன் தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

வளர்த்தது இப்போது ஞாபகம் வருகிறதா?

எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கிறது. நீ அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்த அன்று மழை. அவனுக்குப் போட புதுச் சட்டை கொண்டுவந்தாய், பச்சைக் கோடு போட்டது, தோளில் பிடித்தது. நான் தைத்த சட்டையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தாய். அவன் பேருந்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தான், நீ அவன் தலையைப் பிடித்து முன்னால் திருப்பினாய். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. எறும்பு மொய்த்த பிறகுதான் கழுவினேன். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. அதுவும் தபாலில்.

கம்பெனிக்காரன் புத்தியும் உன் புத்தியும் ஒன்றுதான். வேலை ஆகிற வரைக்கும் கையில், ஆன பிறகு தெருவில். எவளாவது குனிந்து பொறுக்கிக்கொள்வாள்.

நீ சொல்கிற பொய் எனக்குப் பெரிய விஷயமில்லை. என் ஆயுசில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் அதைச் சொன்னால் கொட்டகை திறக்காது. வேறு பெயரில் திறப்பார்களாம்! உன் வக்கீலின் வாய் எனக்குத் தெரியும். பாட்டுக்காரியின் புருஷன் படுத்த படுக்கை. சுத்தக்காரி வீட்டில் பச்சைக் குழந்தை. அவர்கள் என்னை நம்பித்தான் கடித்தார்கள். தலைவி சொன்னாள் என்று கடித்தார்கள்.

மெய் சொன்னால் சுருட்டை போவான். பொய் சொன்னால் இவர்கள் போவார்கள். அங்கே போய் நின்றால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் உனக்குச் சொல்ல மாட்டேன். பதில் எழுதாதே.


ஏப்ரல் 2

திருப்திதானே?

அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கம்பெனி போட்ட கேஸும் அவன் பேரில். கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தைகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். மருமகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. விசாரணையில் அவன் பெயரை எல்லாருக்கும் முன்னால் சொன்னார்களாம். வேறு யார் சொல்லியிருப்பார்கள்? என் மேல் இருந்த ஏழு வருஷக் கோபத்தை என் பிள்ளை தலையில் இறக்கி வைத்துவிட்டாய்.

நானாவது ஒரு பொம்பளைக்கு முன்னால் உன்னை விட்டுக் கொடுத்தேன். நீ ஊருக்கு முன்னால் அவனை விட்டுக் கொடுத்தாய். வளர்த்தேன் வளர்த்தேன் என்று இனி வாய் திறக்காதே.

எழுதாதே. வந்தால் கிழித்துப் போடுவேன்.


ஏப்ரல் 10

கிழிக்கிறவள் படித்துவிட்டுக் கிழி.

அவன் பெயரை நான் சொல்லவில்லை.

நீண்ட அறை, தலைக்கு மேல் மின்விசிறி கிரீச் கிரீச் என்று. ஒரு பக்கம் நாங்கள், எல்லாரும் வெளியே போகிற புடவை கட்டிக்கொண்டு. எதிர்ப் பக்கம் கம்பெனி ஆட்கள், வக்கீல், கடைசி நாற்காலியில் சுருட்டை. மேஜை மேல் ஒரே ஒரு பாக்கெட்டை உறையில் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அது என் பாக்கெட் மாதிரியே இருந்தது, ரத்தம் பட்டது. சுத்தக்காரி அலசிய பிறகு எதில் ரத்தம் இருக்கும்? ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

அந்த அதிகாரிப் பெண்தான் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். லாரி வந்தது, வெட்டினோம், மண்ணில் புரட்டினோம், கடித்தோம். "கடிக்கணும்னு யாரு சொன்னது?" "நான்தான் சொன்னேன்." எங்கள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுத்தான். "இதையெல்லாம் செய்யச் சொல்லி அனுப்பினது யாரு?" "கம்பெனி" என்றேன்.

வக்கீல் எழுந்தான். "கம்பெனிக்கு வாயா இருக்கு? ஆளோட பேரைச் சொல்லுங்கம்மா."

சுருட்டை அப்போதும் என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மெய் சொல்லவேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கு புரளவில்லை. வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்ட பெயர். அதை அந்த மேஜை மேல் எப்படி எடுத்து வைப்பேன்?

"பேர்தானே சார்? அந்த பாக்கெட்லயே பெருசா அச்சடிச்சிருக்கே. மூணாம் வகுப்பு படிச்ச நானே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். உங்களுக்கு வரலையா?" என்றேன். பாட்டுக்காரி சிரித்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. "அவங்க சொல்றதுதான் சட்டம். பாக்கெட்டுல யாரு பேரு இருக்கோ அவங்கதான் பொறுப்பு. பிரிக்கிற பெண்களைக் காட்டியோ, லாரிக்காரனைக் காட்டியோ நீங்க கை கழுவ முடியாது" என்றாள்.

வக்கீலும் கம்பெனிப் பெரியவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு வக்கீல் எழுந்து, எங்கள் ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்திருக்கிறார் என்று சொல்லி, சுருட்டையின் பெயரை இனிஷியலோடு படித்தான். உன் மகனைக் காப்பாற்றுவேன் என்று உனக்குத் தூது விட்ட அதே வக்கீல். ஆளைக் காட்டினாலும் கம்பெனிதான் பொறுப்பு என்று அதிகாரி மறுபடி சொன்னாள். அபராதமும் போட்டார்கள், காட்டாத எடையைப் போல் இரண்டு மடங்கு திரும்ப எடுக்கச் சொன்னார்கள். அது கம்பெனிக்கு. உன் மகனை யார் திரும்ப எடுப்பார்கள்? அவனைச் சுற்றியிருந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயின. நான் பார்த்தேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது.

எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் அவன் எனக்காக நின்றான். சட்டை முழுக்க வேர்வை. "பெரியம்மா" என்றான். எனக்குள்ளே அந்த 'இந்தம்மா' இன்னும் ஆறவில்லை. எங்கள் பெண்கள் பின்னால் நிற்கிறார்கள். நான் நின்று, அவனை மேலும் கீழும் பார்த்து, "யாரு தம்பி நீங்க?" என்றேன்.

அவன் முகம் போன போக்கை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. ஐந்து வயதில் பேருந்தில் ஏறும்போது திரும்பினானே, அதே முகம். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது, வாயில் எங்கிருந்து வரும், மனசில் இருந்தால்தானே வரும் என்று காறித் துப்பினேன். எனக்கும் வாயில்தான் வந்தது. இனி உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனாலும் திட்டுவேன், பழக்கம்.

அவன் அங்கேதான் இருக்கிறான் என்றால், அவனிடம் கேள். பெயரை யார் சொன்னது என்று.


மே 4

அக்கா,

கிழிக்கவில்லை. படித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தேன். அவனிடம் கேட்டேன். பதில் சொல்லவே பல நாள் ஆயிற்று. கடைசியில், "பெரியம்மா சொல்லலம்மா. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். சொல்லாம விட்டதுதான் தாங்க முடியல" என்றான். நான் உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்கட்டில் நடந்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். குளியலறையில் ஒரு கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருக்கிறான். பெரியவள் பாக்கெட்டைப் பல்லில் வைத்தால் ஓடிப்போய்ப் பிடுங்கி, வெட்டிக் கொடுக்கிறான்.

இப்போது என் கதையைக் கேள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

எதிர்வீட்டு டீச்சர் போன வாரம் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விசாரணைப் படம் இப்போதுதான் ஏதோ கட்டுரையோடு வந்திருக்கிறது. நீ நடுவில் நிற்கிறாய். "பாருங்களேன், குப்பை பொறுக்கற அம்மா, ஒரு பெரிய கம்பெனியையே என்ன கேள்வி கேட்டிருக்காங்க! இவங்க ஜாடை கொஞ்சம் உங்களை மாதிரி இருக்கு இல்ல?" என்றார்கள். "அப்படியா? யாரோ" என்றேன்.

மறுபடியும் அக்கா. உன் கடிதம் தலையணைக்குக் கீழே இருக்கும்போது.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் வாசலில் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அக்கா. நீயும்தானாம்மா என்கிற மாதிரி. அவ்வளவுதான்.

நான் திரும்பப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சர் திறந்தார்கள். "அது என் கூடப் பிறந்த அக்கா. குப்பைதான் பிரிக்கறா. என் பையனை வளர்த்தவ. அந்த கேஸ்ல மாட்டினது என் பையன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர்கள் திகைத்துப்போய், "உள்ள வாங்களேன்" என்றார்கள். போகவில்லை. வீட்டுக்கு வந்தால் அவன் பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இதை உன் மன்னிப்புக்காக எழுதவில்லை. இரண்டாவது தடவை தட்டியதை மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்றுதான் முதல் தடவையையும் எழுதினேன்.

தங்கை


மே 12

தங்கைக்கு,

இரண்டையும் படித்தேன். முதல் தடவை சொன்னதைப் படித்ததும் உன்னை நேரில் பார்த்தால் நாலு கேட்பது என்று முடிவு செய்தேன். பாலை அணைக்காமலா வருவாய்? சட்டி என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே.

பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்று ஆனதும் கொட்டகையை மறுபடி திறந்துவிட்டார்கள். அரக்கைச் சுத்தக்காரிதான் சுரண்டி எடுத்தாள், கதவையும் அலசிவிட்டாள். கம்பெனி லாரி இப்போது காலியாக வருகிறது, நிரம்பிப் போகிறது. எல்லாம் கண்ணு நெற்றிக்கு ஏறாத பாக்கெட். மூலையில் ஊர் ஜனங்களின் பல் தடம். என்னால் இன்னும் அந்த மூலையைப் பார்க்க முடியவில்லை. தலைவி வேலையைப் பாட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். நான் மேஜையில் நின்று பிரிக்கிறேன்.

சுருட்டையை அனுப்பு. அவனாக வந்தால் நல்லது. வர வெட்கப்பட்டான் என்றால், எனக்கும் அதே வெட்கம்தான் என்று சொல். வாசலில் நின்று கூப்பிட்டால், யார் என்று கேட்க மாட்டேன்.

என் ஃபோன் நம்பர் மாறவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எடுப்பேன். மேஜையில் இருக்கும்போது கூப்பிட்டால் கையெல்லாம் ஷாம்பு, எடுக்க முடியாது.

சொன்ன சொல் சொன்னதுதான், அதனால் நான் முதலில் பேச மாட்டேன். எடுத்து காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். நீ பேசு. மண்டபத்தில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மட்டும் பேசாதே.

அக்கா